சலித்துக் கொடுத்த மண்

தொனாத்தா சுல்காவின் பெயர் இரண்டு காகிதங்களில் அச்சாகியிருக்கிறது. ஒன்றில் அவளை ஆய்வாளர் என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்றில், முறைக்கு மாறாக மாதிரி எடுத்தவர் என்று. இரண்டையும் எழுதியவர்கள் எங்கள் சாந்தா எதுவிஜிஸ் மேட்டில் ஒரு வாரம்கூடக் குடியிருந்து தண்ணீர் லாரிக்குக் காத்துக்கிடந்தவர்கள் இல்லை. முதல் காகிதத்துக்கும் இரண்டாவதுக்கும் இடையில் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் மேட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எல்லாக் கதையிலும் சொல்கிறவர்கள் நல்லவர்களாக இருப்பார்கள்.

அவள் பத்தொன்பது வயதில் வில்காஸ்வாமான் பக்கத்து மலைக் கிராமத்திலிருந்து தலைநகர் லீமாவுக்கு இறங்கியவள். பதினோரு வருஷம் பணக்கார வீடுகளில் சமையல், துணி துவைப்பு. புருஷன் ஃபிதென்சியோ தங்கம் அரிக்கக் காட்டுப் பக்கம் போனான். போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான் என்று ஒரு லாரிக்காரன் வந்து சொல்லிவிட்டுப் போனான். குழந்தை இல்லை. அழுதாயா என்று யாராவது கேட்டால், "அன்னிக்குத் தண்ணி லாரி வர்ற நாளு, அழ எங்க நேரம்?" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடாது.

அழாமல் மிச்சம் பிடித்ததையெல்லாம் அவள் தோட்டத்தில் போட்டாள். உயர் அழுத்தக் கம்பிக்குக் கீழே வீடு கட்டக் கூடாது என்று சும்மா கிடந்த சரிவு அது. பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைப் பொதுவேலையில் கல் பொறுக்கி, கடப்பாரை போட்டு, மேலே பாதையிலிருந்து கீழே சுவர் வரைக்கும் பன்னிரண்டு நீளப் பாத்திகளாகப் பிரித்துக்கொண்டார்கள். கீரை, லெட்யூஸ், வெங்காயத்தாள், வாசனைக்கு வக்கத்தாய் தழை. விளைவதில் பாதி வீட்டுக்கு, பாதி பொதுச் சமையலறைக்கு. அங்கே மத்தியானம் எழுபது பிள்ளைகள் பார்லி சூப் குடிக்கின்றன. மழை என்ற ஒன்று எங்கள் மேட்டுக்கு வராது. பீப்பாயில் பிடித்த தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றித்தான் அத்தனையும் பச்சையாக நின்றது.

கீழே இருக்கும் அந்தச் சுவர் தோன் அப்சலோனின் பட்டறைச் சுவர். பழைய கார் பாட்டரிகளை உடைத்து உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கும் இடம். மத்தியானம் மூன்று மணிக்குப் புகை கிளம்பும். இனிப்பும் துருவும் கலந்த ஒரு வாடை. எங்கள் மேட்டு ஆண்கள் ஐந்து பேருக்கு அங்கேதான் வேலை. கிறிஸ்மஸுக்கு அப்சலோன் வீட்டுக்கு வீடு பழ ரொட்டியும் சாக்லேட் பாலும் அனுப்புவார். எல்லோரும் வாங்கிக்கொண்டு இருமிக்கொண்டே குடிப்போம்.

சுவரை ஒட்டிய மண் சாம்பல் நிறத்தில் இறுகிக் கிடக்கும். ஓட்டுச் சில்லும் கரித்துண்டும் கலந்திருக்கும். அதனால் பன்னிரண்டு பாத்திகளிலும் கடைசி மூன்று மீட்டரில் யாரும் எதுவும் வைத்ததில்லை. ஏன் என்று யாரும் யோசித்ததில்லை. பார்க்க நன்றாக இல்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் அராசெலி வந்தாள். ஏதோ ஒரு தொண்டு நிறுவனத்தின் பெண், இருபத்தாறு வயதிருக்கும். மோட்டார் ரிக்‌ஷாவில் இரண்டு பிளாஸ்டிக் டப்பாவும் ஒரு பேனருமாக வந்து இறங்கினாள். 'குடிமக்கள் அறிவியலும் நீடித்த தோட்டமும்: சமூகப் பயிலரங்கு' என்று பேனரில் எழுதியிருந்தது. பட்டா இல்லாத எங்களைக் குடிமக்கள் என்று அழைத்த முதல் துணி அதுதான். சமையலறைத் தலைவி நெலிதா அதைக் கழுவி மடித்து இன்னும் வைத்திருக்கிறாள்.

ஆறு சனிக்கிழமை நடந்தது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே நடந்தது. ஊதா முட்டைக்கோசைக் கொதிக்கவைத்த தண்ணீரில் மண்ணைப் போட்டு நிறம் மாறுவதைப் பார்த்தார்கள். கினிப்பன்றிச் சாணம், காய்த்தோல், காய்ந்த இலை என்று அடுக்கி உரக்குழி போட்டார்கள். பாட்டிலில் ஊசித் துளை போட்டு வேருக்குப் பக்கத்தில் புதைத்துத் தண்ணீரை மிச்சம் பிடித்தார்கள். பத்து நிமிஷம் ஒரே இடத்தில் உட்கார்ந்து பூவுக்கு வரும் தேனீக்களை எண்ணி அட்டையில் கோடு போட்டார்கள்.

மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட தொனாத்தாவுக்கு இந்தக் கோடு போடும் வேலை பிடித்துப்போயிற்று. பயிலரங்கு இல்லாத நாளிலும் காலை பத்து மணிக்கு நோட்டோடு போய் உட்கார்ந்துவிடுவாள்.

"என்ன கொமாத்ரே, இன்னிக்கு எத்தனை தேனீ லீவு?" என்று வில்மா கிண்டல் செய்வாள்.

"ரெண்டு வரல. ஒண்ணு ஒன்ன மாதிரியே லேட்டு."

வில்மா இரண்டு வீடு தள்ளி இருப்பவள். காலையில் படிக்கட்டு அடியில் பொரித்த ரொட்டி விற்பாள். அவள் மகள் லுஸ்மிலாவின் ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைக் கையில் ஏந்தியவள் தொனாத்தா. பெற்றவளும் ஞானத்தாயும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும். அது வெறும் கூப்பிடு பெயர் அல்ல, உடன்பிறந்தவளிடம்கூட மறைப்பதைக் கொமாத்ரேயிடம் மறைப்பதில்லை. லுஸ்மிலாவுக்கு அப்போது நான்கு வயது. பிள்ளை இல்லாத தொனாத்தாவின் பாவாடை மடிப்பிலேயே வளர்ந்தாள் என்று சொல்லலாம்.

ஐந்தாவது சனிக்கிழமை அராசெலி எல்லோருக்கும் கழுத்தில் மாட்டும் அட்டை கொடுத்தாள். பெயர், அதற்குக் கீழே 'சமூக ஆய்வாளர்'. தொனாத்தா அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கர்த்தர் படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினாள். பதினோரு வருஷம் அடுத்தவர் வீட்டில் "ஏய், பொண்ணே" என்று மட்டும் கூப்பிடப்பட்டவளுக்கு அது பெரிய விஷயம்தான்.

அன்றைக்கே மண் மாதிரிக்கான பைகளையும் கொடுத்தாள். புத்தம் புது வெள்ளைப் பைகள், பாத்திக்கு ஒன்று.

"நல்ல எடம், மோசமான எடம்னு பாக்கக் கூடாது சென்யோரா. மேல இருந்து கீழ வரைக்கும் பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போங்க. ஒம்போது எடம், எடத்துக்கு ஒரு கரண்டி. சொவரோரமும் எடுக்கணும். எல்லாத்தையும் கலந்து பையில போடுங்க. ஆய்வகத்துல ஈயம் இருக்கா, வேற விஷம் இருக்கா எல்லாம் பாத்துச் சொல்லிருவாங்க."

"சரி மிஸ்," என்றார்கள் பன்னிரண்டு பேரும். அன்றைக்கே அராசெலி கூட நின்று எடுக்க வைத்திருந்தால் இந்தக் கதை இல்லை. அவளுக்கு இன்னொரு மேட்டில் இரண்டு மணிக்குப் பயிலரங்கு இருந்தது. வியாழக்கிழமை எடுத்து வையுங்கள், வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். பைகளை வாங்கி எண்ணி, தாளில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடும் பொறுப்பைத் தொனாத்தாவிடம் விட்டாள்.

வியாழக்கிழமை காலை தொனாத்தா கரண்டியோடு பாத்தியில் இறங்கினாள். முதல் கரண்டி நல்ல கறுப்பு மண், மூன்று வருஷம் சாணம் தின்ற மண். கீழே போகப் போக அவளுக்குக் கூச்சம் வந்துவிட்டது. சுவரோரம் ஒரு கரண்டி அள்ளினாள். சாம்பலும் சில்லும் ஒரு துருப்பிடித்த ஆணியும். இதையா அந்தப் பெண்ணின் வெள்ளைப் பையில் போடுவது?

அவள் ஊரில் உருளைக்கிழங்கு தோண்டியதும் மூன்றாகப் பிரிப்பார்கள். பெரியது விருந்தாளிக்கும் விதைக்கும். நடுத்தரம் சந்தைக்கு. பொடிசும் பனி கடித்ததும் வீட்டுக்கு. பாதிரியார் வந்தாலும், கணக்கெடுக்க வந்த ஆபீசர் வந்தாலும், ஆட்டை எண்ண வந்த இஞ்சினியர் வந்தாலும் முதல் ரகம்தான் போகும். விருந்தாளி தட்டில் பொடிக் கிழங்கை வைத்த வீட்டின் பெயர் பத்து வருஷத்துக்கு நாறும். மேட்டில் இருக்கும் பன்னிரண்டு பேரும் அப்படிப்பட்ட ஊர்களிலிருந்து வந்தவர்கள்தான். ஒருத்தி வந்து, அதுவும் சம்பளம் கேட்காமல் பாடம் சொல்லிக்கொடுத்த ஒருத்தி வந்து, உங்கள் மண்ணைக் கொடுங்கள் என்று கேட்டால் எந்த மண்ணைக் கொடுப்பார்கள்?

"என்ன கொமாத்ரே, கரண்டிய வச்சுக்கிட்டு முழிக்கிற?" வில்மா தன் பாத்தியிலிருந்து எட்டிப் பார்த்தாள். கையில் மாவு சலிக்கும் சல்லடை.

"கீழ பூரா கல்லும் ஓடுமா இருக்கு."

"அத எதுக்கு எடுக்குற? நான் உரக்குழிப் பக்கத்துல எடுத்துச் சலிச்சிட்டேன். பாரு, காப்பித்தூள் கணக்கா இருக்கு. இந்தா, நீயும் சலிச்சுக்கோ. ஓடும் ஆணியுமா குடுத்தா நம்மளப் பத்தி என்ன நினைக்கும் அந்தப் பொண்ணு?"

"ஒம்போது எடம்னு சொல்லிச்சே."

"ஒம்போது கரண்டி எடுத்தாச்சுல்ல. எங்க எடுத்தா என்ன, எல்லாம் நம்ம மண்ணுதான்."

அந்தச் சல்லடை அன்று மத்தியானத்துக்குள் பன்னிரண்டு பாத்தியையும் சுற்றி வந்துவிட்டது. ஒருத்தி பையின் கழுத்தில் சிவப்பு ரிப்பன்கூடக் கட்டினாள். தொனாத்தா பன்னிரண்டு பையையும் வரிசையாக வைத்து, தாளில் ஒவ்வொரு பெயரும் எழுதி, அடியில் தன் கையெழுத்தைப் போட்டாள். வெள்ளிக்கிழமை வந்த அராசெலி, "எவ்வளவு அழகா எடுத்திருக்கீங்க," என்று சொல்லிப் படம் பிடித்துக்கொண்டாள். மண்ணைப் படித்தவளுக்குச் சரிவு நிலத்தில் ஒரு கல்கூட இல்லாத பன்னிரண்டு பை எப்படி வந்தது என்று தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், கேட்டால் இவர்கள் மனம் நோகுமே என்று விட்டிருப்பாள். அவளும் ஒரு விருந்தாளியாகத்தான் நடந்துகொண்டாள்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. பச்சை ஓரம் போட்ட காகிதம். 'பன்னிரண்டு மாதிரிகளிலும் ஈயம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் உள்ளது. உணவுப் பயிருக்கு ஏற்ற மண். மாதிரிகள் சமூகத்தாராலேயே சேகரிக்கப்பட்டன. பொறுப்பு: சமூக ஆய்வாளர் தொனாத்தா சுல்கா.' நெலிதா அதைக் கண்ணாடி போட்டுச் சமையலறை அடுப்புக்கு மேலே மாட்டினாள். அன்று சூப்பில் ஆளுக்கு ஒரு துண்டு கோழி போட்டார்கள்.

பச்சைக் காகிதம் வந்த பிறகு கடைசி மூன்று மீட்டரைச் சும்மா விடுவானேன் என்று எல்லோருக்கும் தோன்றியது. பொதுவேலை வைத்து, சுவர் வரைக்கும் கொத்தி, சிவப்புக் குட்டி முள்ளங்கி போட்டார்கள். முள்ளங்கிக்கு அவசரம் அதிகம், முப்பது நாளில் வந்துவிடும். லுஸ்மிலாவுக்கு அது விளையாட்டாகிப் போனது. பிடுங்குவாள், பாவாடையில் துடைப்பாள், கடிப்பாள்.

"கழுவிட்டுத் தின்னுடி," என்று வில்மா கத்தினாள்.

"விடு கொமாத்ரே. பச்சைக் காகிதம் வாங்குன மண்ணு. தின்னு கண்ணு," என்றாள் தொனாத்தா. தானே பிடுங்கிக் கொடுத்தாள். தினமும் கொடுத்தாள். அந்த வார்த்தையை இப்போது அவள் எத்தனை தரம் மென்று விழுங்கியிருப்பாள் என்று யாருக்கும் தெரியாது.

நான்கைந்து மாதத்தில் பிள்ளை வெளிறத் தொடங்கினாள். வயிற்று வலி என்று சுருண்டு படுப்பாள். படியேறப் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவாள். தெரிந்த சொற்கள் வாய்க்கு வராமல் போயின. முள்ளங்கியைக் காட்டி, "அது... அந்தச் செவப்பு..." என்று நிறுத்தி, ஞானத்தாயின் முகத்தைப் பார்ப்பாள். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். முட்டையால் உடம்பைத் தடவித் திருஷ்டி கழித்தார்கள். கடைசியில் சுகாதார நிலையத்து நர்ஸ்தான் இரத்தம் எடுத்து அனுப்பினாள். இருக்கலாம் என்கிற அளவைப்போல நான்கு மடங்கு ஈயம்.

"வீட்டுப் பக்கத்துல யாராச்சும் பாட்டரி உருக்குறாங்களா?" என்று நர்ஸ் கேட்டாள். வில்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வந்ததும் வராததுமாகப் பட்டறைக் கதவில் கல்லெறிந்தாள்.

பிறகு மனு எழுதினார்கள். பட்டறையை மூட வேண்டும், மேட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் இரத்தம் பார்க்க வேண்டும் என்று. முந்நூறு கையெழுத்து. தொனாத்தா வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கியது அதில் பாதி. நகராட்சி ஒரு விசாரணை மேசை போட்டது. ஒரு பக்கம் வில்மாவும் பெண்களும், மறுபக்கம் அப்சலோனும் வக்கீலும், நடுவில் சுற்றுச்சூழல் இஞ்சினியர்.

வக்கீல் அதிகம் பேசவில்லை. பையைத் திறந்து பச்சை ஓரக் காகிதத்தின் நகலை மேசையில் வைத்தார்.

"நாங்க எடுத்த மாதிரி இல்லீங்க இது. இவங்களே எடுத்தது. மண்ணு சுத்தம்னு இவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க. சொவரத் தாண்டி எங்க ஈயம் போகலன்னு இதவிட வேற என்ன சாட்சி வேணும்? புள்ளைக்கு வேற எங்கயோ இருந்து வந்திருக்கு."

வில்மா அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். அதன் அடியில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள். தலையைத் திருப்பித் தொனாத்தாவைப் பார்க்கவில்லை. உங்கள் முடிவையே நீங்கள் மறுப்பதாக இருந்தால் இரண்டு வாரத்தில் காரணம் சொல்லுங்கள் என்று இஞ்சினியர் தேதி கொடுத்தார்.

தொனாத்தா அராசெலிக்கு போன் போட்டாள். அவள் இப்போது வடக்கே வேறு ஊரில், வேறு திட்டத்தில் இருந்தாள். தொனாத்தா எல்லாவற்றையும் சொன்னாள்: உரக்குழி, சல்லடை, ரிப்பன்.

"சொவரோரம் எடுக்கணும்னு நான் சொன்னேனே சென்யோரா. ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"நீங்க எங்க வீட்டுக்கு வந்தவங்க மிஸ்."

"அதுக்கு?"

தொனாத்தா பேச்சை மாற்றினாள். "மறுபடி எடுத்துப் பாக்க முடியுமா?" என்று கேட்டாள்.

"திட்டம் முடிஞ்சு அறிக்கையும் போயிடுச்சு. அறிக்கையோட மேலட்டையில உங்க தோட்டத்துப் படம்தான். நான் மேல கேட்டுப் பாக்குறேன்." கேட்டாளோ என்னவோ. அதன் பிறகு அந்த எண்ணுக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

இனி ஒரே வழிதான். நடந்ததை மேசையில் போய்ச் சொல்லிவிடுவது. சொல்வதற்கு முன்னால் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று தொனாத்தா மத்தியானம் சமையலறைக்குப் போனாள். சூப் பானைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் இருந்தார்கள்.

"பன்னெண்டு பையும் சலிச்சுக் குடுத்ததுன்னு சொல்லப் போறேன்," என்றாள்.

நெலிதா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் புருஷன் பட்டறையில் வேலை பார்க்கிறான். "பன்னெண்டுன்னு எதுக்குச் சொல்ற? ஒன்னோடதச் சொல்லு. கையெழுத்துப் போட்டது நீதான."

"எல்லாரும்தான சலிச்சோம்."

"சலிச்சோம், இல்லன்னு யாரு சொன்னா? ஆனா பன்னெண்டு பொம்பளைங்களும் பொய்யிங்கன்னு எழுதிட்டா நாளைக்கு இந்தச் சமையலறைக்கு அரிசி எண்ணெய் எவன் குடுப்பான்? எழுபது புள்ளைங்க சோத்துல மண்ணப் போடாத. ஒரு பை கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சாலே போதும், அந்தக் காகிதம் செல்லாது."

இது தொனாத்தாவுக்கும் நியாயமாகப் பட்டது. மூட்டையில் ஒரு கிழங்கு அழுகியிருந்தால் சந்தையில் மூட்டையையே திருப்பித் தள்ளுவார்கள். அதுதான் அவளுக்குத் தெரிந்த கணக்கு. அவள் வில்மாவைப் பார்த்தாள். வில்மா பானைக்குள் தலையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுத்தமான பானை அது. சல்லடையை நீட்டியவள் அவள்தான் என்று இருவருக்கும் தெரியும். தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும்.

"சரி, என்னோடதச் சொல்றேன்," என்றாள் தொனாத்தா.

இரண்டாவது மேசைக்கு அவள் ஞாயிற்றுக்கிழமைப் பாவாடை கட்டிக்கொண்டு, கழுத்தில் ஆய்வாளர் அட்டையை மாட்டிக்கொண்டு போனாள். பையில் சுவரோர மண் ஒரு கிலோ. இம்முறை சலிக்காதது, சில்லும் ஆணியுமாக. எழுந்து நின்று சொன்னாள்.

இஞ்சினியர் மோசமானவர் இல்லை. பொறுமையாகத்தான் கேட்டார். "ஏம்மா அப்படிச் செஞ்சீங்க?"

"அழகா இருக்கணும்னு செஞ்சேன் இஞ்சினியர். வெக்கமா இருந்துச்சு."

"சரி. மத்த பதினொரு பை?"

தொனாத்தா கழுத்திலிருந்த அட்டையை நேராக்கிக்கொண்டாள்.

"நீங்கதான பொறுப்பு. மத்தவங்க முறைப்படி எடுத்தாங்களா, இல்ல அவங்களும் சலிச்சாங்களா? பாத்துச் சொல்லுங்க, இது முக்கியம்."

இப்போது அவள் திரும்பி வில்மாவைப் பார்த்தாள். பிள்ளை தாயின் மடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. வில்மாவின் முகத்தில் கெஞ்சல் இருந்தது. சொல் என்று கெஞ்சுகிறாளா, சொல்லாதே என்று கெஞ்சுகிறாளா? தொனாத்தாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து, அப்சலோன் முன்னால், வக்கீல் முன்னால், இவளும்தான் விஷத்தை மறைத்துக் கொடுத்தாள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. வில்மா வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்த நெலிதா அவள் முழங்காலில் கை வைத்தாள். வில்மா வாயை மூடிக்கொண்டாள்.

"மத்தவங்க முறைப்படிதான் எடுத்தாங்க," என்றாள் தொனாத்தா. "நான் மட்டும்தான்."

இஞ்சினியர் தலையாட்டி எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே சத்தமாகப் படித்தார். பன்னிரண்டு மாதிரிகளில் ஒன்று, முறைக்கு மாறாக எடுக்கப்பட்டதால், நீக்கப்படுகிறது. மீதிப் பதினொன்றும் செல்லும். அவற்றின்படி தோட்ட மண்ணில் மாசு இல்லை. பட்டறையை மூடுவதற்குக் காரணம் காணப்படவில்லை.

"இந்த மண்ணு?" என்று தொனாத்தா தன் பையைத் தூக்கிக் காட்டினாள். "இதையும் அனுப்பிப் பாருங்க இஞ்சினியர். சொவரோரம் எடுத்தது."

"யாரு எடுத்தது?"

"நான்."

இஞ்சினியர் பேனாவை மூடினார். அவருக்குமே சங்கடமாக இருந்திருக்கும். "நீங்க எடுத்தத எப்படிம்மா இனிமே நான் அனுப்புறது?" என்றார். வக்கீல் போகும்போது தொனாத்தாவிடம் நின்று, தலை குனிந்து, நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மேட்டுக்கு ஏறும் மஞ்சள் பெயின்ட் அடித்த படிக்கட்டில் இருவரும் ஏறினார்கள். பிள்ளை வில்மாவின் முதுகில், கம்பளித் துணிக்குள். பாதி வழியில் வில்மா நின்றாள்.

"ஏன் கொமாத்ரே சொல்லல?"

"நீ ஏன் சொல்லல?"

"நான் பெத்தவ. நானே சலிச்சுக் குடுத்தேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அதனாலதான் நானும் சொல்லல."

"நீ சொல்லியிருக்கணும்," என்றாள் வில்மா. "நான் சொல்ல மாட்டேன்னு ஒனக்குத் தெரியும்ல. நீ சொல்லியிருக்கணும்." பிறகு மிச்சப் படிகளை அவள் முன்னால் ஏறினாள், தொனாத்தா பின்னால்.

அந்த மாதக் கடைசியில் வில்மா வீட்டைப் பூட்டிக்கொண்டு நகரத்தின் மறுகோடியில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளையை இந்தப் புகையிலிருந்து வெளியே கொண்டுபோங்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். போகும்போது தட்டுமுட்டுச் சாமான்களைத் தொனாத்தா வாசலில் வைத்துவிட்டுப் போனாள், கதவைத் தட்டவில்லை. ஒரு அடுப்பு, இரண்டு வாளி, அந்தச் சல்லடை. லுஸ்மிலா இப்போது பள்ளிக்கூடம் போகிறாளாம். மெதுவாகத்தான் படிப்பாள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாளாம். அந்தப் பக்கம் போய் வில்மாவிடம் ரொட்டி வாங்கிய யாரோ சொன்னது தொனாத்தா காதுக்கு வந்தது, வேறு யார் மூலமும் எதுவும் வருவதில்லை.

மாதிரியைக் கெடுத்தவள் கையில் பொறுப்பு இருக்கக் கூடாது என்று கூட்டம் போட்டு முடிவு செய்தார்கள். நெலிதா வந்து ஆய்வாளர் அட்டையைக் கேட்டாள். தொனாத்தா ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். பாத்தியை அவளே விட்டுவிட்டாள். அங்கே இப்போது வேறு ஒருத்தி கீரை போட்டிருக்கிறாள். மூன்று மணிக்குப் புகை வருகிறது. எழுபது பிள்ளைகள் சூப் குடிக்கின்றன. நானும் இந்த மேட்டில்தான் இருக்கிறேன். நானும் வாயைத் திறக்கவில்லை.

இந்த ஆகஸ்டில் இன்னொரு பயிலரங்கு வந்தது. வேறு நிறுவனம், வேறு பேனர், இம்முறை ஒரு தாடிக்காரப் பையன். பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகச் சொன்னான், சுவரோரமும் எடுக்கச் சொன்னான், வெள்ளைப் பைகளைக் கொடுத்துவிட்டு வெள்ளிக்கிழமை வருகிறேன் என்று போனான். போன தடவை எங்களுக்குத் தெரியாது. இந்தத் தடவை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை காலை நெலிதா தொனாத்தாவின் வாசலில் வந்து நின்றாள். பல மாதம் பேசாதவள்.

"வில்மாவோட சல்லடை ஒங்கிட்டதான இருக்கு? அது ரொம்பப் பொடிசா சலிக்கும். கொஞ்சம் குடேன், மத்தியானம் திருப்பித் தந்துர்றேன்."

தொனாத்தா உள்ளே போய் எடுத்து வந்து நீட்டினாள். வளையம் மட்டும்தான் இருந்தது. கம்பி வலையை அவள் என்றோ கத்தியால் சுற்றிலும் அறுத்து எடுத்திருந்தாள்.

நெலிதா அந்த வளையத்துக்குள் தெரிந்த அவள் கையைப் பார்த்தாள். பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினாள். அங்கே சல்லடை இருந்தது.